‘விட்ட பிறகுதான் இருமலே வந்துச்சு!’ - புகையை நிறுத்தியதும் உடம்பில் என்ன நடக்கிறது?

புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தினமும் நாலு நடை லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 48. இருபது வயதில் தொடங்கிய பழக்கம். காலையில் பீடி, காசு இருக்கும் நாளில் சிகரெட். பெயர் வேண்டாம். வெள்ளாற்றின் இரு கரையிலும் எந்தத் தெருவில் தேடினாலும் இப்படி ஒருவர் கிடைப்பார். ‘அப்பா, உங்க சட்டை நாத்தம் அடிக்குது, கிட்ட வராதீங்க’ என்று கடைக்குட்டி மகள் சொன்ன அன்றைக்கு, பையில் இருந்த கட்டை ஆற்றில் வீசிவிட்டார்.

ஒன்பதாவது நாள். பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இருமுகிறார். அடங்கவில்லை. கெட்டியாகப் பழுப்பு நிறத்தில் சளி வருகிறது. வாயில் இரண்டு புண். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். நாலு நாளாக வயிறு சரியாகப் போகவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த மச்சான் முறைக்காரர் சொல்கிறார்: ‘இருவத்தெட்டு வருஷம் பழகின உடம்பு மாமா. திடீர்னு விட்டா இப்படித்தான் ஆகும். எங்க பெரியப்பா அப்படித்தான் விட்டாரு, ஆறே மாசத்துல போய்ச் சேர்ந்துட்டாரு. ஒண்ணே ஒண்ணு இழு, எல்லாம் சரியாயிடும்.’

ஒன்றே ஒன்றை இழுத்தால் சரியாகிவிடும் என்பது ஓரளவு உண்மை. இருமல் அன்றைக்கே தணியும், வயிறு போகும், மனசு லேசாகும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. விட வேண்டும் என்ற எண்ணம் இல்லாததால் மட்டுமே பலர் மறுபடி பிடிப்பதில்லை. விட்ட பிறகு உடம்பில் வருகிற மாற்றங்களைப் பார்த்துப் பயந்தும் பிடிக்கிறார்கள். உடம்பு பழுதாகிறது என்று அவர்கள் நினைக்கிற அந்த நாட்களில்தான் உடம்பு தன்னைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதே சமயம், எல்லா இருமலும் ‘விட்டதால் வந்த இருமல்’ இல்லை. எது சாதாரணம், எதற்கு டாக்டரிடம் போக வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஒரு உயிரே மிஞ்சும்.

ஆற்றின் அந்தக் கோடியில்

புவனகிரியைத் தொட்டு ஓடுகிற வெள்ளாறு, கடலில் கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர்கள் ‘போர்ட்டோ நோவோ’ என்று பெயர் வைத்த துறைமுகம். புகையிலை நம் நாட்டுச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்ச்சுகீசியர்கள் மூலமாக சுமார் 400 வருடங்களுக்கு முன்பு இந்தியாவுக்கு வந்தது. நம் பாட்டன்மார் வெற்றிலையோடும் சுருட்டாகவும் பழகியது, பிறகு பீடியாகவும் சிகரெட்டாகவும் மாறியது.

‘பீடிதானே, இலையில சுத்தினது, அது ஒண்ணும் பண்ணாது’ என்ற பேச்சு இன்றைக்கும் உண்டு. பீடியில் இருக்கும் புகையிலை குறைவுதான். ஆனால், அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் நிகோடின், தார், கார்பன் மோனாக்ஸைடு எல்லாம் சிகரெட்டுக்குச் சளைக்காமல் உள்ளே போகின்றன. 2008-ல் வெளியான இந்திய அளவிலான ஓர் ஆய்வு, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 வருடமும், சிகரெட் குடிக்கும் ஆண்கள் 10 வருடமும் ஆயுளை இழப்பதாகக் கணக்கிட்டது.

2016-17-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 28.6 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். அதே கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விட வேண்டும் என்று யோசிப்பவர்கள். விட நினைப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். விட்ட பிறகு என்ன ஆகும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்பவர்கள்தான் குறைவு.

முதல் 20 நிமிடம்... முதல் 3 நாள்

கடைசி பீடியை அணைத்த 20 நிமிடத்தில், அதுவரை வேகமாக ஓடிக்கொண்டிருந்த நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குகின்றன.

சுமார் 12 மணி நேரத்தில், ரத்தத்தில் இருந்த கார்பன் மோனாக்ஸைடு சாதாரண அளவுக்கு வருகிறது. இந்த வாயு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. அது இறங்கியதும் சீட்டு காலியாகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் ஆக்ஸிஜன் தாராளமாகப் போகிறது. முதல் இரண்டு, மூன்று நாட்களில் சிலருக்கு லேசான தலைச்சுற்றல் வருவதுண்டு. பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

இரண்டாம், மூன்றாம் நாள்தான் கஷ்டமான நாட்கள். உடம்பிலிருந்த நிகோடின் ஏறக்குறைய வெளியேறிவிடும். மூளை அதைக் கேட்டு அடம்பிடிக்கும். எரிச்சல், கோபம், பதற்றம், தலைவலி, கவனம் சிதறுதல், காரணமில்லாத சோகம் எல்லாம் சேர்ந்து வரும். ‘ஏங்க, சாப்பாடு போடட்டுமா?’ என்று கேட்டதற்குக்கூட எரிந்து விழுவார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை. ‘இதுக்கு நீங்க குடிச்சிக்கிட்டே இருந்திருக்கலாம்’ என்று மட்டும் தப்பித் தவறியும் சொல்லிவிடாதீர்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் இந்த வேகம் பெருமளவு தணிந்துவிடும்.

இந்த நாட்களில் வருகிற ஒவ்வொரு ‘இழுக்கணும்’ என்ற தவிப்பும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அது அலை மாதிரி, ஏறி இறங்கும். அந்தச் சில நிமிடத்தைக் கடத்தினால் போதும். ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாகக் குடிக்கலாம், தெருக்கோடி வரை நடக்கலாம், சோம்போ ஏலக்காயோ வாயில் போட்டுக்கொள்ளலாம், வண்டியைத் துடைக்கலாம்.

விட்ட பிறகு ஏன் இருமல்?

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வயலில் நெற்பயிர் காற்றில் அசைவதுபோல ஒரே திசையில் அசைந்து, தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ராத்திரி பகல் ஓயாத துப்புரவு வேலை.

புகை இந்த முடிகளை மயக்கிப் போடுகிறது. வருடக்கணக்கில் புகைத்தால் பல இடங்களில் அவை அழிந்தும் போகின்றன. துப்புரவு வேலை நின்றுபோன தெருவில் குப்பை தேங்குவதுபோல் சளி தேங்குகிறது. புகையை நிறுத்தியதும் இந்த முடிகள் மறுபடி எழுந்து வேலையைத் தொடங்குகின்றன. பல வருடத்துக் குப்பையை அள்ளி வெளியே தள்ளுகின்றன. அதனால்தான் விட்ட பிறகு சில வாரங்களுக்கு சிலருக்கு இருமலும் சளியும் கூடுகின்றன. சளியில் பழுப்பு நிறம் தெரியலாம்.

அப்போது ஒரு பீடியை இழுத்தால் இருமல் அடங்கிவிடுவது ஏன் என்று இப்போது புரியும். நோய் குணமாகி அடங்குவதில்லை. வேலைக்கு வந்தவர்களை மறுபடி மயக்கிப் படுக்கவைத்ததால் அடங்குகிறது.

இந்த நாட்களில் தண்ணீர் நிறைய குடிப்பது, வெதுவெதுப்பான நீரில் உப்பு போட்டுக் கொப்பளிப்பது, சளியை அடக்காமல் வெளியேற்றுவது ஆகியவை போதும். இருமலை அமுக்கும் மருந்தை டாக்டரைக் கேட்காமல் வாங்கிக் குடிக்க வேண்டாம். ஒரு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் இருமலும் மூச்சு வாங்குவதும் படிப்படியாகக் குறையும்.

வாயில் புண், ஈறில் ரத்தம்

புகையை விட்ட முதல் ஒன்றிரண்டு வாரத்தில் பலருக்கு வாய்ப்புண் வருகிறது. ‘பி காம்ப்ளெக்ஸ் குறைவு’ என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போடுவார்கள். புகை நின்றதால் வாயின் உட்சூழல் மாறுவதுதான் இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் தானாக ஆறிவிடும். காரத்தைக் குறைத்து, மோர், தேங்காய்ப்பால், மணத்தக்காளிக் கீரை என்று கொஞ்ச நாள் சாப்பிடலாம்.

ஈறில் ரத்தம் வருவது இன்னும் விநோதம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் புகைப்பவருக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது; நோய் ஒளிந்துகொள்ளும். விட்ட பிறகு ரத்த ஓட்டம் சீராகி, ஏற்கெனவே இருந்த ஈறு நோய் வெளியே தெரிகிறது. எனவே, ரத்தம் வந்தால் பல் டாக்டரிடம் ஒரு முறை காட்டிப் பல் இடுக்குகளைச் சுத்தம் செய்துகொள்வது நல்லது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரியோடு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு வசதி.

மூக்கு திரும்பி வரும்

சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் நாக்குக்கும் மூக்குக்கும் உயிர் வருகிறது. சிதம்பரத்துக்காரர்களுக்குக் கொத்சு என்றால் சும்மா இல்லை. சம்பா சாதத்தோடு சேர்த்துச் சாப்பிடும் கத்திரிக்காய்க் கொத்சு. அதில் வறுத்து அரைத்த மல்லி வாசனை தனியாகத் தெரியத் தொடங்கும். உப்பு கூடியிருப்பது முதல் வாயிலேயே தெரியும். ‘இத்தனை வருஷமா சாப்பாட்டுல உப்பு இல்ல, உப்பு இல்லன்னு சண்டை போட்டவரு, இப்போ உப்பைக் குறைங்கிறாரு’ என்று வீட்டுக்காரம்மா சிரிப்பார்.

வாசனை மட்டும் வராது, நாற்றமும் வரும். பீரோவில் தொங்குகிற பழைய சட்டையின் வாடை, பக்கத்தில் உட்காருகிறவரின் பீடி வாடை. மகள் எதைச் சொன்னாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரியும்.

காலையில் ‘அது’ போகவில்லையே!

வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம், ஆனால் பலரை மறுபடி பீடியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற விஷயம் இது. ‘ஒரு டீ, ஒரு பீடி, அப்புறம்தான் வயிறு போகும்’ என்று வருடக்கணக்கில் பழக்கியிருப்பார்கள். நிகோடின் குடலின் அசைவைத் தூண்டக்கூடியது. அது நின்றதும் குடல் கொஞ்ச நாள் சோம்பிக் கிடக்கும். மலச்சிக்கல் வரும்.

காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், சாப்பாட்டில் முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய், ராத்திரி ஒரு வாழைப்பழம் அல்லது கொய்யா, தினமும் அரை மணி நேர நடை. சில வாரங்களில் குடல் தன் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும்.

எடை கூடுவது உண்மைதான்

விட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதல் வருடத்தில் எடை கூடுகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. கூடுதலில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் ஏறுகிறது. நிகோடின் பசியை மட்டுப்படுத்தும், உடம்பு எரிக்கும் சக்தியைக் கூட்டும். அது நின்றதும் இரண்டும் மாறுகின்றன. போதாதற்கு, கையும் வாயும் சும்மா இருக்க முடியாமல் முறுக்கையும் மிக்சரையும் தேடுகின்றன. டீக்கடைக்குப் போனால் முன்பு பீடி, இப்போது பஜ்ஜி.

நாலு கிலோ கூடுவதால் வரும் கெடுதலைவிட, புகையை விட்டதால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை பல மடங்கு பெரிது. எடையைக் காரணம் காட்டிப் பழையபடி புகைக்கத் தொடங்குவது, வீடு ஒழுகுகிறது என்று வீட்டுக்கே தீ வைப்பது மாதிரி. வெள்ளரிப் பிஞ்சு, நெல்லிக்காய், வறுத்த கடலை, சுண்டல் என்று கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்னை தீரும். முதல் மாதத்தில் கடுமையான டயட் வேண்டாம். பசியோடு இருக்கிறவருக்குத் தவிப்பு இன்னும் கூடும்.

காபியை ஏன் குறைக்க வேண்டும்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பீடி, சிகரெட் புகையில் இருக்கும் சில வேதிப்பொருட்கள், கல்லீரலில் காபியின் கஃபீனைச் சிதைக்கிற ஒரு நொதியை வேகமாக ஓட வைக்கின்றன. அதனால் புகைப்பவர் உடம்பில் கஃபீன் சீக்கிரம் கரைந்துபோகும். ஐந்தாறு டம்ளர் குடித்தாலும் தாங்கும். புகை நின்ற சில நாட்களில் அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அப்போதும் அதே ஐந்தாறு டம்ளர் காபி, டீ உள்ளே போனால் கஃபீன் தேங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். ‘பீடியை விட்டதுல இருந்து நெஞ்சு படபடங்குது’ என்று சொல்பவர்களில் சிலருக்குக் குற்றவாளி டிகிரி காபியாக இருக்கலாம். விட்ட முதல் வாரத்திலேயே காபி, டீயைப் பாதியாகக் குறைத்துவிடுவது நல்லது. மாலை ஆறு மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். ஆஸ்துமா, மூச்சிரைப்புக்குக் கொடுக்கப்படும் தியோஃபிலின், மனநலச் சிகிச்சையில் பயன்படும் குளோசபின், ஓலன்சபின் ஆகியவை அந்த வகை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படலாம். இவற்றைச் சாப்பிடுபவர்கள் புகையை விடும்போது, ‘டாக்டர், நான் நிறுத்தியிருக்கேன்’ என்று கட்டாயம் சொல்ல வேண்டும். அளவை அவர்தான் மாற்ற வேண்டும். நாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதல் சில மாதம் சுகரை வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

நகத்தில் ஒரு காலண்டர்

பல வருடம் புகைத்தவரின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பாருங்கள். நகம் மஞ்சளாக இருக்கும். புகையை ஒரே நாளில் நிறுத்தினால், நகத்தின் அடியிலிருந்து புதிதாக வளர்கிற பகுதி இளஞ்சிவப்பாக வரும். மேலே மஞ்சள், கீழே சிவப்பு, நடுவில் கோடு போட்டது மாதிரி ஓர் எல்லை. விரல் நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அந்தக் கோடு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தே, விட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று சொல்லிவிடலாம். சுமார் ஆறு மாதத்தில் மஞ்சள் முழுவதும் வெட்டுப்பட்டுப் போய்விடும்.

உள்ளே நடப்பதை நம்மால் பார்க்க முடியாது. நகத்தில் நடப்பதைப் பார்க்கலாம். ‘ஒண்ணும் மாறலயே’ என்று சலித்துப்போகிற நாளில் விரலைப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த இருமலை விட்டுவிடக் கூடாது?

இனி மறுபக்கம். புகைப்பவர்கள் எல்லா இருமலையும் ‘பீடி இருமல்’ என்று தள்ளிவிடுவார்கள். விட்ட பிறகு அதையே ‘விட்டதால் வந்த இருமல்’ என்று தள்ளுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே காசநோயோ புற்றுநோயோ சத்தமில்லாமல் வளர இடம் கிடைத்துவிடும். ‘விட்டாரு, ஆறு மாசத்துல போய்ச் சேர்ந்துட்டாரு’ என்கிற கதைகளில் பலவற்றின் மர்மம் இதுதான். விட்டதால் நோய் வரவில்லை. நோய் உள்ளே வந்து, உடம்பு முடியாமல் போனதால்தான் அவரால் பீடியே இழுக்க முடியாமல் விட்டிருப்பார்.

காசநோய்க்கும் புகைக்கும் உள்ள உறவை உலகத்துக்கு உரக்கச் சொன்ன ஆய்வு நம் பக்கத்தில்தான் நடந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களைப் பற்றி வீட்டினரிடம் விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். கடலூரும் விழுப்புரமும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டம். மண்ணும் தொழிலும் பழக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். டாக்டர் கஜலட்சுமியும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வு 2003-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிட சுமார் நான்கு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகையே காரணம் என்றது ஆய்வு. புகை என்றால் புற்றுநோய் என்று மட்டும் நினைத்திருந்த பலருக்கு அது அதிர்ச்சி.

எனவே, கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் ‘விட்டதால்தான்’ என்று காத்திருக்க வேண்டாம்.

* இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். 
* சளியில் ரத்தம். ஒரு துளியாக இருந்தாலும் உடனே.
* மாலை நேரக் காய்ச்சல், ராத்திரி வியர்வை.
* எடை குறைதல். விட்டவருக்கு எடை கூடுவதுதான் வழக்கம். குறைந்தால் அது எச்சரிக்கை.
* இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்கச் சிரமம்.
* மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் மாற்றம், விழுங்கும்போது சிக்கல்.
* நெஞ்சு வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல். 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் இது.
* எதிலும் பிடிப்பில்லாத சோகம் வாரக்கணக்கில் நீடிப்பது, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம். இதற்கும் வைத்தியம் உண்டு, மறைக்க வேண்டாம்.

வருடங்கள் சொல்லும் கணக்கு

ஒரு வருடம் தாண்டியதும், புகைப்பவரோடு ஒப்பிட்டால் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. 5 முதல் 15 வருடத்துக்குள் பக்கவாத ஆபத்து புகைக்காதவர் அளவுக்கு வருகிறது. 10 வருடத்தில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரைவிடப் பாதியாகக் குறைகிறது. 15 வருடத்தில் இதயம், புகைக்காதவரின் இதயத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

எல்லாமே திரும்பி வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் சிதைந்துபோன காற்றறைகள் மறுபடி முளைப்பதில்லை. ஆனால், சிதைவு மேலும் வேகமெடுக்காமல் நிறுத்த முடியும். லேசான அடைப்பு உள்ளவர்களை வட அமெரிக்காவில் 11 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். புகைத்துக்கொண்டே இருந்த ஆண்களுக்கு, ஒரு நொடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு வருடத்துக்கு 60 மில்லிக்கும் மேல் குறைந்தது. விட்டவர்களுக்கு சுமார் 30 மில்லி. பத்து வருடத்தில் இந்த வித்தியாசம், மாடிப்படி ஏற முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசமாகிவிடும்.

‘இத்தனை வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப்போவுது?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற டாக்டர், 1951-ல் தொடங்கி 50 வருடம், 34,000-க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். 2004-ல் வந்த முடிவு: 60 வயதில் விட்டவர்கள் சுமார் 3 வருடமும், 50-ல் விட்டவர்கள் 6 வருடமும், 40-ல் விட்டவர்கள் 9 வருடமும் ஆயுளைத் திரும்பப் பெற்றார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழு 10 வருடமும் திரும்பக் கிடைத்தது. எந்த வயதிலும் வாசல் மூடப்படவில்லை.

தனியாகப் போராட வேண்டாம்

பீடிக்கட்டிலும் சிகரெட் பாக்கெட்டிலும் 1800-11-2356 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கிறது. சில்லறையாக ஒன்று, இரண்டு என்று வாங்குபவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. மத்திய அரசின் கட்டணமில்லாத ஆலோசனை எண் அது, தமிழிலும் பேசலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவிலோ நெஞ்சகப் பிரிவிலோ கேட்டால் ஆலோசனையும் மருந்தும் கிடைக்கும்.

தவிப்பு தாங்க முடியாதவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் உதவும். 2 மில்லிகிராம் அளவு, மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. பலர் இதை பபுள்கம் மாதிரி மென்று, எச்சிலை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, ‘எனக்கு ஒத்துக்கல’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். காரமான சுவை வரும்வரை மெதுவாக மெல்ல வேண்டும். சுவை வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். சுவை போனதும் மறுபடி இரண்டு மெல்லல். இப்படி அரை மணி நேரம். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பழச்சாறு குடிக்கக் கூடாது. குடித்தால் நிகோடின் உள்ளே போகாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

பீடியை விட்டுவிட்டு வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவது விட்டதாகவே ஆகாது. குட்காவும் புகையிலைத் தூளும் நுரையீரலை விட்டுவிட்டு வாயைப் பிடிக்கும். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருந்தும் பொட்டலம் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இளைஞர்கள் உள்ள வீடுகள் கவனிக்க வேண்டும்.

நடுவில் ஒருநாள் தவறி ஒன்றை இழுத்துவிட்டால், ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று கட்டை வாங்க வேண்டாம். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பல முறை முயன்றவர்கள்தான். எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது தவறியது என்று பார்த்து, அந்த இடத்தைக் கொஞ்ச நாள் தவிர்த்தால் போதும்.

அந்த லோடு ஆட்டோக்காரரிடம் திரும்பலாம். மச்சான் நீட்டிய பீடியை அவர் வாங்கவில்லை. தூக்கி எறியவும் இல்லை. ‘நாளைக்குப் பார்க்கலாம்டா’ என்று வண்டியை எடுத்தார். வீட்டில் அவர் மனைவி கேட்ட ஒரு கேள்விதான் முக்கியமானது. ‘ஏங்க, இந்த இருமல் விட்ட பிறகு வந்ததுன்னு சொல்றீங்க. தீபாவளிக்கு முன்னாடியே ராத்திரியெல்லாம் இருமுனீங்களே, மறந்துட்டீங்களா?’

மறுநாள் காலை சிதம்பரம் நடையோடு நடையாக மருத்துவமனையில் சளியைக் கொடுத்துவிட்டு வந்தார். காசநோய் இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேவிலும் பயப்பட ஒன்றுமில்லை. டாக்டர் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். காபியை இரண்டு டம்ளராகக் குறைத்தார், தூக்கம் வந்தது. வாய்ப்புண் மூன்றாவது வாரம் ஆறியது. இருமல் இன்னும் முழுதாக நிற்கவில்லை, ஆனால் காலையில் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் விரலைப் பிடித்துப் பார்த்தாள் மகள். ‘அப்பா, உங்க நகம் பாதி மஞ்சளா இருக்கு, பாதி என் நகம் மாதிரி இருக்கு.’

‘மீதியும் மாறிடும்மா’ என்றார் அவர். அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.